உதவித்தொகை போதவில்லை, கூட்டிக் கேட்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் ஆசைப்படும் இடம் 46,500 டாலர் உதவி என்கிறது, மற்றது 47,000. முதல் இடத்தில் கூட்டிக் கேட்கலாம் என்றால், "பேரம் பேசி அட்மிஷனே போய்விட்டால்?" என்கிறார் கணவர். டிசம்பரில் அவருக்கு வேலை போய்விட்டது. மதுரையில் மாமியாரின் டயாலிசிஸ் செலவும் எங்களுடையதுதான். என்ன செய்வது?

பதில்: கேளுங்கள், இந்த வாரமே. உதவித்தொகை கேட்டதற்காகக் கொடுத்த இடத்தை யாரும் பறிப்பதில்லை, அந்தப் பயத்தை விடச் சொல்லுங்கள் அவரை.

ஆனால் முதலில் கணக்கைச் சரி பாருங்கள். நீங்கள் இணைத்த கடிதங்களின்படி அந்த 46,500-இல் 5,500 அரசுக் கடன், 3,000 மகள் வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது, உண்மையான மானியம் 38,000தான். அங்கே வருடச் செலவு 86,000, அதாவது உங்கள் பங்கு 48,000. மற்ற இடத்தில் செலவு 82,000, 47,000 முழுக்க மானியம், உங்கள் பங்கு 35,000. வித்தியாசம் 500 டாலர் இல்லை, வருடத்துக்கு 13,000! நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

1991 வரை ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் எம்ஐடியும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தேர்வான மாணவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேசி வைத்துக்கொள்வார்கள், அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்குப் போட்ட பிறகுதான் அது நின்றது. இன்று ஒவ்வொன்றும் தனியாகத்தான் தீர்மானிக்கிறது, அதனால் இன்னொரு இடத்தின் கடிதத்தைக் காட்டிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 47,000 மதிப்பெண்ணுக்குக் கிடைத்ததா, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுத்ததா என்று பாருங்கள். மதிப்பெண்ணுக்கே உதவி தராத இடத்தில் போய் அந்தக் கடிதத்தை நீட்டிப் பயனில்லை.

உங்கள் கையில் அதைவிட வலுவான காரணம் இருக்கிறது. 2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா, அதாவது அரசின் நிதியுதவி விண்ணப்பப் படிவம், 2024 வருமானத்தைத்தான் பார்க்கிறது, டிசம்பரில் போன வேலை அதற்குத் தெரியவே தெரியாது. மாமியாரின் மருத்துவச் செலவைக் கேட்கும் கட்டமும் அதில் கிடையாது. இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்துக் கணக்கை மாற்ற நிதியுதவி அதிகாரிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. வேலை நீக்கக் கடிதம், வேலையில்லாப் படிக்கான சான்று, டயாலிசிஸ் பில்கள், நீங்கள் பணம் அனுப்பிய ரசீதுகள், மற்ற கல்லூரியின் கடிதம், எல்லாவற்றையும் சேருங்கள். மகள் பெயரிலேயே ஒரு பக்கக் கடிதம் போகட்டும், "உங்கள் கல்லூரிதான் என் முதல் விருப்பம், வருடச் செலவில் இவ்வளவு குறைந்தால் கட்டாயம் சேர்வேன்" என்று தொகையோடு. அது அவள் மனதார எழுதுவதாக இருக்க வேண்டும், கிடைத்த பிறகு பின்வாங்கக் கூடாது. அப்பீலுக்குத் தனிப் படிவம் வைத்திருந்தால் அதையும் நிரப்புங்கள்.

கூட்டிக் கொடுத்தால், நான்கு வருடமும் தொடருமா, அதற்கு என்ன ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். மறுத்துவிட்டால் பெற்றோர் கடன் எடுத்து அந்த 13,000-ஐ நிரப்ப நினைக்காதீர்கள், ஒரு சம்பளம் நின்றுபோன வீட்டில் அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பதில், சேர்வதை உறுதி செய்யக் கெடுவான மே 1-ஐத் தாண்டும் போலிருந்தால் முன்கூட்டியே கெடு நீட்டிக்கக் கேளுங்கள், இரண்டு இடத்திலும் டெபாசிட் கட்டி வைக்க வேண்டாம்.