வடிவாப் பாருங்கோ

கேள்வி: எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கைபேசியில் படக்கதை வரைந்து இணையத்தில் வெளியிடுகிறார்கள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் விரும்பிப் படிக்கிறேன். அபிப்பிராயம் சொல்லத்தான் தயக்கம். எனக்கு ஓவியம் தெரியாது. 'வடிவா இருக்கு', 'வடிவில்லை' என்பதற்கு மேல் சொல்ல வருவதில்லை. குறை சொன்னால் 'நீங்கள் வரைஞ்சு காட்டுங்கோ' என்கிறார்கள். சும்மா படிக்கிற ஒருவன் விமர்சனம் எழுதலாமா? பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டால் போதுமா?
— ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: விமர்சனம் கிடக்கட்டும், உங்கள் கேள்வியில் இருக்கிற 'வடிவு' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடல் தாண்டினால் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு புழக்கம் கிடையாது. சென்னையில் ஒரு சேலைக் கடையில் நின்று 'இது வடிவா இருக்கு' என்று சொன்னால் கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். அங்கே அழகு, இங்கே வடிவு. ஆனால் நாங்கள் அழகோடு நிற்கவில்லை. அம்மா 'வடிவாச் சாப்பிடு' என்பது வயிறு நிறையச் சாப்பிடு என்ற பொருளில். 'வடிவாக் கேள்' என்றால் ஒரு சொல்லும் தவறாமல் கேள். 'வடிவாத் தெரியேல்லை' என்றால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அழகு, நிறைவு, கவனம் மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிற ஊர் இது. நீங்கள் அதில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல்ல ஒன்றும் இல்லை என்கிறீர்கள். படம் வடிவாக இருக்கிறதா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் வடிவாகப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

பார்த்திருந்தால் தாராளமாக எழுதலாம். எழுதத்தான் வேண்டும். ஏனென்றால், வரைகிறவரால் ஒருபோதும் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு: தன் கதையை முதல் தடவையாகப் படிப்பது. ஒரு கட்டத்தில் கிணற்றடியில் ஒரு பெண் துலாக்கயிற்றைப் பிடிக்கிறாள். அடுத்த கட்டத்தில் வாளி உருண்டு கிடக்கிறது, தண்ணீர் பரவியிருக்கிறது. கயிறு அறுந்ததை யாரும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியில், உங்கள் தலைக்குள்ளேதான் அது அறுந்தது. படக்கதை என்ற கலையே அந்த இடைவெளியை நம்பி நிற்கிறது. வரைந்தவருக்குக் கயிறு அறுந்த கதை முன்பே தெரியும். ஆகவே அது வாசகருக்கு விளங்கியதா என்று அவரால் தானாகச் சோதித்துப் பார்க்க முடியாது. 'அவள் கோபத்தில் வாளியை எறிந்துவிட்டாள் என்று நினைத்தேன்' என்று நீங்கள் எழுதினால், அவருக்கு வேறு எவரும் தர முடியாத தகவலைத் தருகிறீர்கள். இதற்கு ஓவியம் தெரிய வேண்டாம். தெரிந்தவர்களைவிட உங்களுக்கே இது நன்றாக வரும்; அவர்களுடைய கண் கோட்டைப் பார்க்கப் போய்விடும், கதையில் வழுக்கி விழாது.

'வரைஞ்சு காட்டுங்கோ' என்று சொன்ன பிள்ளையிடம் இதையே சொல்லுங்கள். வரைய வேண்டியவர் அவர், விளங்கியதா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புள்ளி பற்றிக் கேட்டீர்கள். அதற்கு ஒரு கொப்பியின் கதையைச் சொல்ல வேண்டும். 1992இல் நான் எட்டாம் வகுப்பு. போர்க்காலம், மின்சாரம் கிடையாது, வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். என் வகுப்பில் ஒருவன் ஒரு கொப்பி நிறையப் படக்கதை வரைந்தான், துப்பறியும் கதை. மேசைக்குக் கீழால் கைமாறிக் கைமாறி வகுப்பு முழுவதும் அதைப் படித்தது. ஒருநாள் ஓர் ஆசிரியரிடம் அது அகப்பட்டது. அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் 4/10 என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். எதற்காக நாலு கிடைத்தது, எதற்காக ஆறு போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதே கிழமை, பின்வாங்கில் இருந்த இன்னொருவன் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்: "டேய், இதில றேடியோ பாடுது. கவிட்டு வைச்ச சைக்கிளில டைனமோவைக் காணேல்லை. பிறகெப்பிடிப் பாடும்?" சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் எடுத்த மின்சாரத்தில் செய்தி கேட்ட நாட்கள் அவை. அந்தச் சைக்கிளை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வகுப்பிலே அத்தனை பேர் படித்தும் அவன் ஒருவன்தான் வடிவாகப் பார்த்திருந்தான். வரைந்தவன் அன்றிரவே டைனமோவைச் சேர்த்தான். அதோடு நிற்கவில்லை. டைனமோவைக் கழற்றிக்கொண்டு ஓடுகிற ஒருவனையும் கதைக்குள் கொண்டுவந்தான். துப்பறிவாளனுக்கு அதுவே துப்பானது. அதுவரை ஓடி ஓடிச் சுடுகிற கதையாக இருந்தது, எங்கள் ஊரில் நடக்கிற கதையாக மாறியது. கணக்கிலும் தமிழிலும் கடைசியாக வருகிற அந்தப் பின்வாங்குக்காரன்தான் நான் கண்ட முதல் விமர்சகன். அவனும் சும்மா படித்தவன்தான்.

அதனால் புள்ளி போடாதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் என் கோபம் தெரியும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் பத்து வயதுப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பதாகையில் அச்சடித்துச் சந்தியில் கட்டுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு ஒன்று இரண்டு குறைந்த பிள்ளையும் அதே சந்தியால்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பிறகு ரியூட்டரி, பிறகு உயர்தரம், பிறகு பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி. இத்தனைக்கும் நடுவில், புள்ளி கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு பிள்ளை இரவில் கட்டிலில் கிடந்து கைபேசியில் விரலால் கோடு இழுக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத, யாரும் கேட்காத ஒரு வேலை. அதற்கும் பத்துக்கு ஆறு என்று எழுதினால் அந்தப் பிள்ளை ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லாமல் போகும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் ஒரே மூச்சில் கடைசிவரை படியுங்கள், எதையும் குறிக்காதீர்கள். பிறகு உங்கள் பெருவிரல் எங்கே நின்றது, எங்கே மேலே திரும்பிப் போனது என்று யோசியுங்கள். கொரியாவில் 2003, 2004இல் டோம், நேவர் தளங்களில் தொடங்கிய வெப்டூன் முறை, மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக இறங்குவது. அதில் வெற்றிடம்தான் நேரம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே நீளமாக வெறுமை விட்டால் கதையிலே நேரம் கடக்கிறது. நெருக்கினால் மூச்சு வாங்குகிறது. நம் பிள்ளைகளில் பலர் புத்தகப் பக்கத்தை மனதில் வைத்துப் பக்கம் பக்கமாக நான்கு கட்டம் அடுக்கி, அதைக் கைபேசியில் விடுகிறார்கள். எழுத்து கடுகாகிவிடுகிறது. பஸ் குலுங்கும்போது உங்களால் வாசிக்க முடியவில்லை என்றால் அது பஸ்ஸின் குற்றமில்லை. அதை எழுதுங்கள்.

எழுத்து என்றதும் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன். நம் படக்கதைகளில் படத்தைவிடக் கெட்டுக் கிடப்பது பேச்சுக் குமிழுக்குள் இருக்கிற தமிழ். வரைகிற செயலிகள் சில தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோப்பதில்லை: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கா'வின் அரவு தனியே விலகும், 'கொ' மூன்று துண்டாகும். தப்புவதற்கு, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு ஓடுகிறார்கள். கையால் எழுதலாமே என்பது என் ஆசை. ஆங்கிலப் படக்கதைகளின் பேரெழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழுக்கு மேலே விசிறி உண்டு, கீழே வால் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டும். குமிழை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு எழுத்தைத் திணிப்பதால் வருகிற வினை இது. எழுத்தை முதலில் எழுதி, குமிழை அதைச் சுற்றிப் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதியைத் தீர்ப்பது நம் பேச்சு. 'போகவேண்டியிருக்கிறது' என்று எழுதினால் குமிழ் வெடிக்கும். 'போகோணும்' என்றால் இடம் மிஞ்சும். ஆனால் நான் பார்க்கிற கதைகளில் நல்லூர்த் திருவிழாவில் கச்சான் விற்கிற ஆச்சி, 'என்னப்பா, வேணுமா வேணாமா, சீக்கிரம் சொல்லு' என்கிறாள். எந்த ஆச்சி அப்படிக் கேட்டாள்? 'என்ன மோனை, வேணுமோ? கெதியாச் சொல்லு' என்றுதானே கேட்பாள்! சினிமாவும் தொலைக்காட்சியும் குமிழுக்குள் புகுந்துவிட்டன. கேலிச்சித்திரக்காரர் சிவஞானசுந்தரம் அறுபதுகளில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். அவர் வரைந்த பாத்திரங்களான சவாரித்தம்பரும் மெயில் வாகனத்தாரும் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் கேட்டது. அதே இதழில் 'மகுடி' என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்கு அவர் தந்த பதில்களிலும் கேட்டது. அந்த மண்ணில் நின்றுகொண்டு ஆச்சிக்குச் சென்னைத் தமிழ் கொடுப்பதை நான் பொறுக்க மாட்டேன். எதிர்த்திசையிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை நம் பெரியவர்கள் சொந்தக்காரன்போல நினைக்கிறார்கள். அவன் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்கு வரைந்தவன். குமிழுக்குள் வந்த தமிழே அவனை நம்மவன் ஆக்கியது. சொந்த ஊர்க் கதையை அந்நியமாக்குவதும் குமிழுக்குள் இருக்கிற தமிழ்தான். இதைக் கண்டுபிடிக்க ஓவியப் படிப்பு எதற்கு? உங்கள் காது போதும்.

எல்லாக் குறையையும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வரைகிறவர்களுக்குக் கை வரைவது கஷ்டம். அதனால் பாத்திரங்களின் கைகளைக் காற்சட்டைப் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துவிடுவார்கள். 'கை சரியில்லை' என்று நீங்கள் சொல்லி அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அவர் அந்தக் கையை ஏழு தடவை அழித்திருப்பார். கோடு கோணலாக இருப்பதே ஒரு குறையா என்றும் யோசியுங்கள். ஜப்பானில் ஒன் என்ற புனைபெயர்க்காரர் 2009இல் 'ஒன்-பஞ்ச் மேன்' கதையை இணையத்தில் வரையத் தொடங்கினார். கரடுமுரடான கோடு. அந்தக் கோட்டோடே வாசகர்கள் குவிந்தார்கள். யூசுகே முராத்தா என்ற கைதேர்ந்த ஓவியர் அதை மறுபடி வரையத் தொடங்கியது 2012இல்தான். கோடு கோணலாக இருந்தும் நீங்கள் கடைசிவரை இறங்கினீர்கள் என்றால், எது இறக்கியது என்று சொல்லுங்கள். அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பாதியில் நின்றுபோகிற கதைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு, முடியாத கதைக்கே உவமையாகிவிட்டது. நம் பிள்ளைகளின் கதைகள் ஏழாம் அத்தியாயத்தில் நின்றுவிடுகின்றன. ஒரு படக்கதைப் பதிப்பகத்தில் நாலைந்து பேர் பிரித்துச் செய்கிற வேலை: கதை, கோடு, மை, நிறம், எழுத்து. இங்கே எல்லாவற்றையும் ஒரே பிள்ளை, பரீட்சைக்கும் படித்துக்கொண்டு செய்கிறது. 'எப்ப அடுத்தது?' என்று அதட்டாதீர்கள். ஏழாம் அத்தியாயத்தில் கடற்கரையில் நின்ற அந்தப் பையனுக்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன் என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையால் பேசாமல் இருக்க முடியும்?

சுன்னாகத்தில் ஏறினால் மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில் தாண்டி யாழ்ப்பாணம் வந்து சேருமுன் இரண்டு அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த கிழமை ஒன்றைப் படித்துவிட்டு, அதைப் பற்றி முந்நூறு சொல்லில் எழுதி எனக்கு அனுப்புங்கள். 'வடிவு' என்ற சொல்லும் புள்ளியும் அதில் வேண்டாம். வரைந்த பிள்ளையின் சம்மதம் கிடைத்தால் இரண்டு கட்டங்களோடு சேர்த்து வெளியிடுகிறேன். வாசிக்கும் சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருந்தால், எந்தக் கட்டத்தில் இருந்தபோது தவறவிட்டீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.