முன் கிராங்க் சீல் புதிதாகப் போட்டும் ஆயில் ஒழுகுவது ஏன்?

மேலூரில் லோடு வண்டி ஓட்டுகிறீர்கள். இன்ஜின் முன் கவரில், கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் இந்தச் சீல். அதை மாற்றிய ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகல். சீலைக் குறை சொல்லுமுன் கிராங்க் புல்லியைக் (தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) கழற்றி, அதில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள் அண்ணே. பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. புல்லியை மாற்றுங்கள், இல்லையென்றால் மதுரையில் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக ஸ்லீவ் ஏற்றலாம்.

பள்ளம் இல்லையா? சரி, இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும்.

புது சீலை மாட்டும்போது அதில் ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீல் என்றால் விளிம்பில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டுவதுதான் பல பட்டறைகளில் நடக்கிறது. சீல் அளவுக்கு ஒரு பைப்பை வைத்துச் சமமாக இறக்கச் சொல்லுங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட்டையும் அப்படியே மாற்றிவிடுங்கள்.