மானியப் பட்டியலில் மாமாவின் பெயர் எங்கே?

கேள்வி: என் தாய்மாமா இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேன்ட் ஆந்த்ரே ஊருக்கு அருகே இரண்டு ஹெக்டேரில் கரும்பு பயிரிடுகிறார். கோயில் தீமிதி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ஐரோப்பிய வேளாண் மானியம் பெறுவோரின் பட்டியல் இணையத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தேன், மாமாவின் பெயர் இல்லை, ஆலை நிறுவனத்தின் பெயருக்கு எதிரே பெருந்தொகை இருக்கிறது. உழவனின் பணத்தை ஆலை எடுத்துக்கொள்கிறதா?

பதில்: பட்டியல் பொய் சொல்லவில்லை, ஆனால் பணம் முதலில் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதோடு அது நின்றுவிடுகிறது. பிரான்சின் தாய்நிலத்து உழவர்களுக்கு ஹெக்டேர் கணக்கில் கிடைக்கும் நேரடி மானியம் இந்தத் தீவுக்குப் பொருந்தாது. அதற்கு ஈடாக இருப்பது, தொலைதூரப் பகுதிகளுக்கென ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் 'போசெய்' திட்டம். பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27.841 கோடி யூரோ என்று 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை உச்சவரம்பு விதித்தது.

இதில் சர்க்கரைக்கான பெரும்பகுதி ஆலைக்கே செல்கிறது. அதற்குக் கைம்மாறாக, உழவர் கொண்டுவரும் கரும்பை ஒப்பந்த விலைக்கு வாங்கும் கடமை ஆலைக்கு உண்டு. சர்க்கரைச் சத்து 13.8 விழுக்காடு இருந்தால் டன்னுக்கு 39.09 யூரோ என்னும் அடிப்படை விலை பல ஆண்டுகளாக அசையாமல் நின்றது இந்த ஏற்பாட்டினால்தான். தங்கள் மாமா எடைமேடையில் கரும்பை இறக்கும்போது குழாய் செருகி மாதிரி எடுப்பவர் ஆலையின் ஆள் அல்லர். உழவரும் ஆலையும் சேர்ந்து அமைத்த தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்தவர். அங்கிருந்து சுமை, 'கஷலோ' (திமிங்கலமேதான், லாரியைப் பார்த்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் புரியும்) என்ற பெரிய வண்டிகளில் புவா ரூழ் ஆலைக்குப் போகிறது. ஆகவே மாமா பெறும் விலைக்குள்ளேயே மானியம் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை; தங்கள் மனக்குறையில் நியாயமான பகுதி இதுவென்றே எனக்குப் படுகிறது.

வயலோரத்திலிருந்து எடைமேடை வரை கரும்பைக் கொண்டுசெல்வதற்கான உதவி உழவருக்கே வருகிறது. அப்படியும் பெயர் இல்லையே என்றால், ஆண்டில் 1,250 யூரோவுக்கு மேற்படாத தொகை பெறுவோரின் பெயர் வெளியிடப்படுவதில்லை, குறியீடு மட்டுமே இடப்படுகிறது. மாமாவும் அப்படியொரு குறியீட்டுக்குள் இருக்கக்கூடும்.

கேள்வி: என் பெயரும் தொகையும் பட்டியலில் வந்துவிட்டன. ஊரார் பார்க்கிறார்கள். நீக்கச் சொல்லலாமா? (சேன் லூயி வாசகர்)

பதில்: இயலாது. இதே குறையோடு ஜெர்மானிய உழவர்கள் வழக்குத் தொடுத்தபோது, தொகை, காலம் என்ற வேறுபாடு பாராமல் தனிநபர் அனைவரின் பெயரையும் வெளியிடுவது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 9.11.2010 அன்று தீர்ப்பளித்தது. நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. மேலே சொன்ன 1,250 யூரோ வரம்போடு 2013இல் விதி திருத்தி எழுதப்பட்டு, வெளியீடு மீண்டும் தொடங்கியது. ஒரு பதிவு இரண்டு ஆண்டுகள் பட்டியலில் இருக்கும். அதுவரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: நிலம் பாரிஸில் வாழும் பெரியப்பாவுடையது, உழுவது நான். மானியம் யாருக்கு உரியது?

பதில்: உழவராகப் பதிவு செய்துகொண்டு, அந்த நிலத்தைத் தம் சாகுபடியாக அறிவிப்பவருக்கு. விளைச்சலில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ நிலக்காரருக்கு அளந்த பழைய வாரமுறை இன்று சட்டத்தில் இல்லை. பெரியப்பாவிடம் எழுத்து மூலமான குத்தகை பெற்றுக்கொள்ளுங்கள். எடைச் சீட்டு யார் பெயரில் வருகிறது என்பதையும் இந்த அறுவடையிலேயே பார்த்துவிடுங்கள்.