டாம்பாவில் முதல் புயல் பருவம்: வாட்ச் வந்தால் என்ன செய்யணும்?

தம்பி, பாறசாலையிலிருந்து அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, டிவியில் ஹரிக்கேன் வாட்ச் என்கிறார்கள், வார்னிங் என்கிறார்கள், இரண்டில் எது வந்தால் கிளம்பணும் என்று கேட்டிருந்தாய். நான் உனக்குப் பக்கத்து ஊர்தான், நீரோடி. நமக்குப் பழக்கம் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு, அதனால் குழப்பம் வரத்தான் செய்யும்.

ஹரிக்கேன் என்பது இங்கே கடும் புயலுக்குப் பெயர். வாட்ச் என்றால் ஹரிக்கேன் உன் பகுதிக்கு வரக்கூடும். வார்னிங் என்றால் வரும் என்றே எதிர்பார்க்கிறார்கள். மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்னால் வாட்ச் வரும், 36 மணி நேரம் முன்னால் வார்னிங் வரும். ஏன் அந்தக் காற்றைக் கணக்கு வைக்கிறார்கள் என்றால், அது வீச ஆரம்பித்த பிறகு ஏணியில் ஏறி ஜன்னலுக்குப் பலகை அடிக்க முடியாது. நடுவில் இருக்கிற அந்த அரை நாளை விட்டுவிடாதே, வார்னிங் வந்த பிறகு பெட்ரோல் பங்கில் வரிசை நகராது. 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது எங்கள் மாமா ஆழ்கடலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது, வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டவில்லை, அத்தை போனில் பேசவே இல்லை, அலைச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா திரும்பவில்லை. முன்கூட்டி வருகிற தகவலின் அருமை எனக்கு அப்படித்தான் தெரியும்.

அப்புறம் புயல் முன்னறிவிப்பில் வரைபடத்தின் மேல் காட்டுகிற அந்தக் கூம்புப் படம். அது புயலின் மையம் போகக்கூடிய வழி, அவ்வளவுதான்; புயல் எவ்வளவு அகலம் என்று அதில் இருக்காது, மூன்றில் ஒரு தடவை மையமே கூம்புக்கு வெளியே போய்விடும். 2022இல் இயன் புயலுக்கு முன்னறிவிப்புக் கோடு முதலில் நம் டாம்பா பக்கம் காட்டியது, செப்டம்பர் 28 அன்று தெற்கே கயோ கோஸ்டா தீவில் கரையேறியது. அந்தப் பக்கத்து ஊரான ஃபோர்ட் மையர்ஸில் என் நண்பன் வீட்டுச் சமையலறைச் சுவரில், சுவிட்சுக்கு மேலே, தண்ணீர் நின்ற பழுப்புக் கோட்டை நானே பார்த்தேன். ஊரில் கடல் ஏறிற்று என்போமே, அதுதான். இங்கே வெளியேறச் சொல்வதும் பெரும்பாலும் காற்றை வைத்து இல்லை, இந்தத் தண்ணீரை வைத்துத்தான், அதற்கு ஒவ்வொரு வீடும் எந்த வெளியேற்ற மண்டலம் என்று ஏ, பி மாதிரி ஒரு எழுத்து இருக்கிறது.

வாட்ஸ்அப் படங்களை நம்பாதே. மயாமியில் இருக்கிற தேசியப் புயல் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு அறிக்கை விடும், அதைப் பார்.

உன் வீட்டு மண்டலம் என்ன என்று இன்றைக்கே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துச் சொல். ஏ அல்லது பி என்றால் வாட்ச் வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, இது மேட்டுப் பகுதி, ஒரு அறை காலியாகத்தான் கிடக்கிறது.