நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை: லினக்ஸ் கெர்னல் கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நண்பர்கள் இரண்டு வாரமாகக் கேட்டு வைத்தவற்றுக்கு மொத்தமாகப் பதில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கெர்னல் என்றால் லினக்ஸின் மையப் பகுதி, வன்பொருளையும் புரோகிராம்களையும் இணைப்பது.

பொள்ளாச்சி: அப்டேட் போட்டதிலிருந்து லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை வருவதில்லைங்கண்ணா. இது சாதாரண பக் (பிழை) தானா, ரிக்ரெஷனா?

பழைய கெர்னலில் ஓடி, கிட்டத்தட்ட அதே கான்ஃபிக்கில் (அமைப்புகளில்) புதியதில் ஓடவில்லையென்றால் ரிக்ரெஷன். என்றைக்குமே ஓடாதது வெறும் பக். இரண்டுக்கும் மரியாதை வேறு. பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் முதல் விதி. "உங்கள் புரோகிராம்தான் தப்பு" என்ற சாக்கு அங்கே எடுபடாது.

ஆனால் அப்டேட்டில் கெர்னல் மட்டுமா மாறியிருக்கும்? ஃபர்ம்வேரும் (வைஃபை கார்டு போன்ற வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) சேர்ந்து மாறியிருக்கலாம். அதனால் முதலில், லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து பாருங்கள். அதில் வைஃபை வந்தால் சந்தேகம் கெர்னல் மேல்தான்.

சோமனூர்: பத்தாயிரம் மாற்றத்தில் கெடுத்தது எது என்று எப்படிங்க கண்டுபிடிப்பது?

தறி ஓட்டுகிறவர் நீங்களே கேட்கலாமா! நூறு மீட்டர் துணியில் எங்கேயோ ஊடை நூல் மாறி, அங்கிருந்து கடைசிவரை தப்பாகவே ஓடியிருக்கிறது. முதல் மீட்டரிலிருந்தா பார்ப்பீர்கள்? நடுவில் விரிப்பீர்கள். அங்கேயே தப்பு இருந்தால் தொடக்கம் முன்பாதியில், இல்லையென்றால் பின்பாதியில். கெர்னல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை செய்வதும் அதுவே. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று சொன்னால் நடுவிலுள்ள கமிட்டை (பதிவான ஒரு மாற்றம்) எடுத்துக் கொடுக்கும். பத்தாயிரம் கமிட் என்றாலும் அதிகபட்சம் 14 சோதனை.

சொல்லத்தான் 14. பழைய லேப்டாப்பில் முழு கெர்னலையும் கம்பைல் செய்தால் (மூலக் குறியீட்டிலிருந்து கட்டினால்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்காகும். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளையைப் போட்டால் இப்போது லோடாகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொள்ளும், நேரம் வெகுவாகக் குறையும். அதை ஓட்டும் முன் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை சொருகிவிடுங்கள். மறந்தால் அந்த டிரைவர்கள் விடுபட்டுப் போகும். செக்யூர் பூட்டையும் (அங்கீகாரமில்லாத கெர்னலைத் தடுக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாமே கட்டிய கெர்னல் பூட் ஆகாது.

நான் சறுக்கியது வேறு இடத்தில். எனக்கும் லேப்டாப்பை மூடித் திறந்தால் வரும் இதே தொல்லைதான், ஆனால் ஐந்து முறை மூடித் திறந்தால் ஒருமுறை மட்டும் தொல்லை தரும். ஒரே தடவை பார்த்து "நல்லது" என்று போட்டுக்கொண்டே போனேன். இரண்டு நாள் கழித்து பைசெக்ட் கை காட்டியது, என் லேப்டாப்பிலேயே இல்லாத ஒரு சவுண்ட் கார்டின் டிரைவரை! இடையில் ஒரு "நல்லது" பொய்யானால் அதற்கப்புறம் வருவதெல்லாம் குப்பை. மறுபடி ஆரம்பித்தபோது ஒவ்வொரு கெர்னலிலும் இருபது முறை மூடித் திறந்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் கோடு போட்டேன். "கெட்டது" என்று சொல்ல ஒரு தடவை போதும், "நல்லது" என்பதற்குத்தான் இருபது.

நடுவில் ஒரு கமிட் கம்பைலே ஆகவில்லையா? ஸ்கிப் போட்டுத் தாண்டுங்கள். கடைசியில் கிடைத்த கமிட்டைப் புதிய கெர்னலில் ரிவர்ட் செய்து (அந்த மாற்றத்தை மட்டும் நீக்கி), தொல்லை போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெருந்துறை: பாதியில் கரண்ட் போனால்?

கம்பைல் செய்யும் மேக் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும். பைசெக்ட் நிலையும் கிட் கோப்புறையில் பத்திரமாக இருக்கும். பைசெக்ட் லாகை (இதுவரை சொன்ன நல்லது, கெட்டதன் பதிவை) மட்டும் தனியாக ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்: கமிட் கிடைத்துவிட்டதுங்க. யாரிடம் சொல்வது?

டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) தந்த கெர்னல் என்றால் முதலில் அவர்களிடம். மேல்மட்டத்துக்கு, அதாவது கெர்னலை எழுதுகிறவர்களிடமே, போவதானால் டிஸ்ட்ரோ ஒட்டுப்போடாத வெனிலா கெர்னலில் காட்டுங்கள். மூடிய மூல டிரைவர் ஏதாவது லோடாகியிருந்தால் கெர்னல் "டெயின்டட்" (கறைபட்டது) ஆகிவிடும், பலர் அதற்கு மேல் படிக்கவே மாட்டார்கள்.

கமிட் எழுதியவர், அந்தப் பகுதியின் மெயின்டெய்னர் (பராமரிப்பவர்), ரிக்ரெஷனுக்கென்றே உள்ள மெயிலிங் லிஸ்ட், மூன்று பேருக்கும் போகட்டும். டிமெஸ்ஜி (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டையும் இணையுங்கள். மெயிலில் ரெக்ஸ்பாட்டுக்கான (ரிக்ரெஷன்களைக் கணக்கு வைக்கும் தானியங்கி நிரல்) வரியில் எந்தக் கமிட்டில் வந்தது என்று குறித்துவிட்டால் அது கணக்கில் ஏற்றிக்கொள்ளும். கெர்னல் ரிக்ரெஷன்களைக் கண்காணிக்கும் தோர்ஸ்டன் லீம்ஹூயிஸ் முன்பு கையாலேயே பட்டியல் போட்டுவந்தார், அதற்காக அவர் உருவாக்கியதுதான் இந்தப் பாட். திருத்தும் கமிட்டில் உங்கள் புகாருக்கான லிங்க் இருந்தால் கணக்கைத் தானே முடித்துவிடும். ஆங்கிலம் சுமார் என்று தயங்காதீர்கள், கமிட் எண்ணும் நாலு வரியும் போதும்.

ஈரோடு: சொல்லியாச்சு. எப்பங்க சரியாகும்?

உடனே திருத்தத் தெரியவில்லையென்றால் அந்தக் கமிட்டையே ரிவர்ட் செய்யச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பில்லை. வேளை பார்த்துச் சொன்னால் வேகம் கூடும். இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம்), அப்புறம் வாராவாரம் ஆர்சி (சோதனை வெளியீடு). ஏழு அல்லது எட்டு ஆர்சிக்குப் பிறகு வெளியீடு. அதற்குள் மாட்டினால் வெளியே போகும் முன்பே அடைத்துவிடுவார்கள். திருத்தம் முதலில் மெயின்லைனில் (லினஸின் முதன்மைக் கெர்னலில்) சேர வேண்டும், பிறகுதான் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் தாங்கள் பராமரிக்கும் ஸ்டேபிளில் (வெளியான கெர்னல்களுக்கான திருத்த வரிசையில்) எடுப்பார்கள். அதுவரை பழைய கெர்னலிலேயே ஓட்டுங்கள், ஆனால் செக்யூரிட்டி திருத்தங்கள் வராது என்பது நினைவிருக்கட்டும்.

கோபி: எனக்கு கோடிங் வராதுங்க. என்னால் ஏதாவது ஆகுமா?

ஆகும். உங்கள் வீட்டுப் பழைய ஸ்கேனரும் டிவி கார்டும் டெவலப்பரிடம் இருக்காது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆர்சி வரும், நமக்குத் திங்கள் விடிகாலை. முக்கியமான கோப்பு எதுவும் இல்லாத ஒரு மெஷினில் போட்டு, மூடித் திறந்து பாருங்கள். இருபது முறை.