மலைக்கு ஏறிய கேபிள் கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகரங்களில்தான் புதியவை பிறக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓஎம்ஆரில் ஓர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பக்கத்திலேயே கண்ணகி நகர். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். எங்கள் புதுமையால் அவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. அந்தக் கட்டுரையில் நான் கம்பெனிகளைப் பற்றியே பேசிவிட்டேன். கொலம்பியாவின் மெடலின் நகரத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

1991-ல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 380 கொலைகள். போதைப்பொருள் கும்பல்களின் காலம் அது. ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிராமங்களில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்த ஏழைகள் மலைச்சரிவுகளில் வீடு கட்டிக்கொண்டார்கள். 1995-ல் வந்த மெட்ரோ ரயிலோ பள்ளத்தாக்கின் அடியில் ஓடியது. மேலே இருப்பவர்கள் செங்குத்தான சந்துகளில் இறங்கித்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

2004-ல் சான்தோ தொமிங்கோ என்ற மலைக் குடியிருப்புக்குக் கேபிள் கார் விட்டார்கள். கேபிள் கார் ஒன்றும் புதிதல்ல, பனிமலைகளில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிச்செல்வதுதான். அதை வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் அன்றாட வண்டியாக்கி, மெட்ரோ டிக்கெட்டிலேயே ஏறலாம் என்று வைத்தார்களே, அதைத்தான் நான் புதுமை என்பேன்.

அப்போதைய மேயர் செர்ஹியோ ஃபஹார்தோ ஒரு கணிதப் பேராசிரியர். ஊரின் மிக அழகான கட்டடங்கள் மிக ஏழையான இடங்களில் எழ வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கேபிள் கார் போன பகுதியில் பள்ளியும் நூலகமும் பூங்காவும் வந்தன. பணம்? மின்சாரமும் தண்ணீரும் தரும் நிறுவனம் நகராட்சிக்கே சொந்தம், அதன் லாபத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் நகரத்துக்கு வரும். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்தப் பணிகள் நடந்த பகுதிகளை, நடக்காத அதே மாதிரிப் பகுதிகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-ல் வெளிவந்தது. கொலைகள் இரண்டிலுமே குறைந்திருந்தன. ஆனால் பணி நடந்த இடங்களில் அந்தக் குறைவு 66 சதவீதம் அதிகம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கும்பல்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கட்டிய பெரிய நூலகமே கட்டுமானக் கோளாறால் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

ஆனாலும் அங்கே நகரம் மக்கள் இருந்த இடத்துக்கு ஏறிப் போனது. கண்ணகி நகரில் மக்களைத்தான் பெயர்த்தோம். உங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர்களில் அங்கிருந்து வருகிறவர் இருக்கலாம். பழைய இடத்தில் இருந்தபோது வேலைக்கு எவ்வளவு தூரம் போனார், அதே வேலைக்குக் கண்ணகி நகரிலிருந்து போவதென்றால் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.