வீட்டில் எல்லோருக்கும் நெட் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "நெட் வரவில்லை" என்று ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. எந்தக் கருவி, வைஃபையா கேபிளா, வீட்டில் மற்ற கருவிகளில் வருகிறதா என்று மூன்றையும் எழுதுங்கள். எழுதியவர்களுக்குப் பதில் கீழே.

லேப்டாப்பில் வைஃபை இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்கிறது. போன்களில் நன்றாக வருகிறது.

போன்களில் வருகிறது என்றால் லைனும் ரௌட்டரும் சரியாக இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். லேப்டாப்பின் நெட்வொர்க் விவரங்களில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கான எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள்.

முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தால், விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஏதாவது ஓடுகிறதா பார்த்து அணையுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால், தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும்.

பழைய டேப்லெட்டில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வருகிறது.

முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து கிடந்த கருவிகளில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அதனால், தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதி சரியாக இருந்தும் பல தளங்கள் திறக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களை 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு தானாக நம்பாது. அதற்காகச் செய்து வைத்திருந்த தற்காலிக ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை அழுத்திப் பழகாதீர்கள். வங்கி வேலைக்கு அந்த டேப்லெட் வேண்டவே வேண்டாம்.

டிவியில் மட்டும் படம் நின்று நின்று ஓடியது. ரௌட்டரின் பின்பக்கத் துளையில் ஊசியால் அழுத்தினேன். இப்போது யாருக்குமே நெட் இல்லை!

இதைப் படித்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு கருவியில் கோளாறு. அதற்காக மொத்த வீட்டின் இணைப்பையும் அழித்துவிட்டீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு என்று எத்தனை முறை எழுதுவது? மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுவது ரீஸ்டார்ட். அதில் எதுவும் அழியாது. துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவது ரீசெட். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நிறுவனம் கொடுத்த பயனர் பெயர் எல்லாம் போய், ரௌட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

என் சித்தப்பாவும் இப்படித்தான் அழுத்திவிட்டார். இணைய விளக்கு மட்டும் சிவப்பாக எரிய, பயனர் பெயர் எழுதிய சீட்டைத் தேடி இரண்டு நாள் அலமாரியைக் குடைந்தார். கடைசியில் பார்த்தால், அவர் போனில் ஒரு விபிஎன் செயலி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கால் மணி நேரம் ரௌட்டரை அப்படியே விடுங்கள். சில நிறுவனங்களின் ரௌட்டர் தன் அமைப்பைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். வரவில்லை என்றால் நிறுவனத்தை அழைத்துப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை ஒரு சீட்டில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டுங்கள். வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே எழுத்து மாறாமல் வையுங்கள். பெரும்பாலான கருவிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

டிவிக்கு வருவோம். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும். டிவி தூரத்தில் இருந்தால், அல்லது நடுவில் இரண்டு சுவர் இருந்தால், வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சோர்ந்துபோகும். முடிந்தால் கேபிள் இழுங்கள், முடியாவிட்டால் டிவியை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள்.

300 எம்பிபிஎஸ் திட்டம். கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94-க்கு மேல் ஏறவில்லை. வைஃபையில் போனுக்கு 280 வருகிறது.

போனிலும் அளந்து எழுதியதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. 94 என்றாலே இணைப்பு 100-ல் நிற்கிறது என்று அர்த்தம். 100-க்கு கேபிளுக்குள் நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும், பிளக்கின் நாக்கு உடைந்து ஒரு முனை சரியாகப் பதியாவிட்டாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அதிலும் 94 தான் என்றால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டையும் ரௌட்டரின் போர்ட்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று 100 வரைதான் தாங்குவதாக இருக்கும்.

புது ரௌட்டர் வந்ததிலிருந்து ஸ்மார்ட் பல்ப் இணையவில்லை.

இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் அறியும். ரௌட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வைத்து இணையுங்கள்.

அனுமதித்த கருவிகள் மட்டும் இணையும்படி ரௌட்டரில் பட்டியல் போட்டிருக்கிறேன். என் போனையே உள்ளே விடவில்லை.

அந்தப் பட்டியல் கருவியை அதன் மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் அறியும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குத் தங்கள் நிஜ மேக் முகவரியைக் காட்டுவதில்லை. போனில் உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அப்படி மறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

நெட் ஸ்லோ. அவசரம். உடனே பதில் வேண்டும்.

எந்தக் கருவியில்? ரௌட்டர் பக்கத்தில் நின்று அளந்தீர்களா? இன்னொரு கருவியில் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன். அதுவரை ஊசியை எடுக்காதீர்கள்.

100 எம்பிபிஎஸ் திட்டத்தில் டவுன்லோட் 12 என்றே காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திட்டத்தில் சொல்வது மெகாபிட், டவுன்லோட் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுங்கள், உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.